குதியெரோவுக்கும் லுவார்காவுக்கும் நடுவில்

சந்தாந்தேரைத் தாண்டிவிட்டார். நான் இன்னும் மத்தி மீனில் பாதிகூடச் செதில் உரசி முடிக்கவில்லை. கூடத்து மேஜையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு என் கணவர் நெல்லையப்பன், திருநெல்வேலியில் இருக்கும் தன் மாமன் மகள் காந்திமதிக்கு ஸ்பெயினின் வடக்குக் கரையை வரைபடத்தில் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போகிறார். அடுக்களைக் கதவைச் சாத்திவிடலாம். சாத்தினால் மீன் வாடை வராமல் இருக்கத்தான் சாத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுவார். ஆனால் எனக்கு ஒரு சொல்லும் காதில் விழாது. அதனால் திறந்தே இருக்கட்டும். ஜூலையில் காந்திமதி வருகிறாள், அவள் வீட்டுக்காரர் வருகிறார், மகள் தர்ஷினி வருகிறாள். பில்பாவோவில் இறங்குகிற மூன்று பேரையும் நாங்கள் இரண்டு பேரும் காரில் ஏற்றிக்கொண்டு கடலை ஒட்டியே மேற்கே கலீசியா வரைக்கும் போகப்போகிறோம். எங்கே எங்கே நிறுத்துவது என்று இன்றைக்கு முடிவாகிறது. எனக்கு மற்ற எந்த ஊரைப் பற்றியும் கவலையில்லை. எல்லா ஊரையும் அவளுக்கே காட்டட்டும், பட்டா போட்டே கொடுக்கட்டும். குதியெரோவுக்கும் லுவார்காவுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுவாரா என்பதுதான் என் கவலை. அதற்கு முன்னால் இன்னும் எத்தனையோ ஊர் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தேன்.

மீன் வாங்கியதே வேண்டுமென்றுதான். சனிக்கிழமை பேசப்போகிறார்கள் என்று தெரிந்துதான் நேற்றே மீன்காரியிடம் போய் நின்றேன். அவர்கள் குடும்பமே சுத்த சைவம், வெங்காயத்தையே யோசித்து யோசித்துச் சேர்க்கிறவர்கள். இவர் என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான், அதுவும் இந்த ஹிஹோனுக்கு வந்த பிறகுதான் மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டார். முதலில் முள்ளுக்குப் பயந்தார், நான் எடுத்து எடுத்து வைத்தேன். இன்றைக்கு என்னைவிடச் சுத்தமாக முள்ளை உருவுகிறார். அவர் உடம்பில் எனக்கென்று இருக்கிற பங்கு அது, அதைக் காந்திமதி தொடமுடியாது. இப்படி ஒரு மனுஷனைப் பங்கு பிரித்துப் பார்ப்பது நல்லதில்லை என்று தெரிகிறது. தெரிந்து என்ன, கை நிற்கவா செய்கிறது, செதில் பறந்து பாத்திரம் விளக்கும் இடமெல்லாம் ஒட்டுகிறது. வெளியே அவர் அவளுக்கு இந்த ஊரில் சைவம் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று விளக்குகிறார். இறைச்சி வேண்டாம் என்று சொல்லு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் டூனா மீனைத் தூவி எடுத்து வருவான், மீன் இவனுக்கு இறைச்சி இல்லை. அவள் சிரிக்கிறாள். அந்தக் கதை என் கதை. வந்த புதிதில் கந்தசஷ்டி விரதத்தில் எனக்கு நடந்தது, நான் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன், அவர் சமாதானம் செய்தார். இப்போது அதில் நான் இல்லை, "ஒரு தடவை என்னாச்சு தெரியுமா" என்று தொடங்கி யாருக்கோ நடந்ததுபோல முடித்துவிட்டார்.

என்னைக் குத்துவது அந்தக் கதைகூட இல்லை, அந்தக் குரல்தான். "ஏட்டி, சொல்லுதத கேளு" என்கிறார். எனக்கு முதுகில் ஏதோ ஊர்கிறது. ஏட்டி. திருச்சி உறையூர்க்காரி எனக்கு அந்தச் சொல் கல்யாணத்துக்கு முன்பு தெரியாது. முதல் தடவை அவர் காந்திமதியை அப்படிக் கூப்பிட்டபோது, என்ன இது, ஒரு பெண்ணை இப்படி மரியாதையில்லாமல் கூப்பிடுகிறார் என்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டேனாம். பைத்தியக்காரி. பிறகுதான் புரிந்தது, அது உரிமை. தங்கையை அப்படிக் கூப்பிடுவார்கள், மகளைக் கூப்பிடுவார்கள், மனசுக்குப் பிடித்தவளைக் கூப்பிடுவார்கள். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு வசு, ஆட்கள் முன்னால் வசுமதி, கோபம் வந்தால் ஒன்றுமே இல்லை. என்னிடம் அவர் பேசுவது கல்லூரியில் எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் பேசிப் பழகிய ஒரு பொதுத் தமிழ், "சொல்றேன், வர்றேன், அப்புறம்." அவளிடம் பேச ஆரம்பித்தால் நாக்கு ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. "சொல்லுதேன், வாரேன், பொறவு, அங்கன, இங்கன." முகமே மாறிவிடுகிறது, கன்னத்தில் இறுக்கம் தளர்கிறது, வயது இறங்குகிறது. அப்படியானால் இத்தனை வருஷமாக என்னிடம் பேசியது என்ன. யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது, ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியிடம் வாழ்நாள் முழுக்க மொழிபெயர்த்தே பேசிக்கொண்டிருந்தால், மூலத்தில் அவர் யார். ஒருநாள் நானே வாய்விட்டு, "சொல்லுதேன்" என்று சொல்லிப் பார்த்தேன், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஒட்டவில்லை.

"யானெஸ்" என்கிறார். யானையா என்கிறாள் அவள். இல்லட்டி, ஊரு பேரு. சிரிப்பு. யானெஸில் கடல் பாறைக்கடியில் புகுந்து தரையில் இருக்கும் ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று பீறிட்டு அடிக்கும், அதைப் பார்க்க நிறுத்த வேண்டும் என்று சொல்கிறார். சரி, நிறுத்துங்கள். அங்கே எனக்கு ஒன்றும் கிடையாது, மழைக்கோட்டு நனைந்ததுதான். பாபநாசத்தில் அருவி அப்படித்தானே அத்தான் மேலே தெறிக்கும் என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு எதைக் காட்டினாலும் பாபநாசம்தான். அத்தான், ஞாபகம் இருக்கா, உங்க புதுச் செருப்பு ஆத்தோட போயிட்டு, நீங்க அழுதிய, நான் என் செருப்புல ஒண்ணக் கழட்டிக் கொடுத்தேன், ஆளுக்கு ஒரு கால்ல போட்டுக்கிட்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தோம். "ஆமால்லா" என்று இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மீனை நடுவில் கீறிக் குடலை எடுக்கும்போது எனக்குக் கண்ணில் தெரிவது அந்த இரண்டு பிள்ளைகள்தான். நொண்டிக்கொண்டு போகிறார்கள், வெயில் சுடுகிறது, சுடுகிற காலைச் சுடாத காலின்மேல் வைத்து வைத்து நிற்கிறார்கள். அதில் நான் எங்கே நுழைவது. எனக்கு அவரைத் தெரியவந்தபோது அவருக்கு மீசை இருந்தது. மீசைக்கு முந்தியது எல்லாம் அவளிடம் இருக்கிறது, அவள் நினைத்த நேரத்தில் எடுத்துப் பார்க்கிறாள், போதாததற்கு அவருக்கும் காட்டுகிறாள்.

பெயரைப் பாருங்கள். இவருக்கு ஊர்ச் சாமி பெயரை வைத்தார்கள், நெல்லையப்பன். பிறகு அவர் மாமா வீட்டில் பெண் பிறந்ததும் யாரும் ஜோசியரைத் தேடவில்லை, அம்மன் பெயர் காந்திமதி தயாராக இருந்தது. தொட்டிலிலேயே ஜோடி சேர்த்தாகிவிட்டது. நான் போய் நடுவில் நின்றேன். "சொந்தத்துல பொண்ணு இருக்கையில அசல்ல எடுத்துட்டான்" என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், கோபமாகக்கூட இல்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோல. அசல். உறவில்லாத இடம் என்று அர்த்தம். அசல் என்றால் போலியில்லாதது என்றும் அர்த்தம் உண்டு என்று நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். காந்திமதி அழுதாளா, சாப்பிடாமல் கிடந்தாளா, ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு மீனாட்சிசுந்தரம் என்று ஒரு நல்ல மனுஷன் கிடைத்தார், அதிகம் பேசமாட்டார், போனில் வந்தால் "சௌக்கியந்தானே" என்று கேட்டுவிட்டு ஓரமாகப் போய்விடுவார். அவளும் என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. அக்கா என்று கூப்பிடுகிறாள். அத்தான் பெண்டாட்டி அக்காதான், முறை அதுதான். இளையாள் மூத்தாளையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள் என்று எனக்கு ஏன் தோன்ற வேண்டும். தோன்றுகிறது, என்ன செய்ய.

முன்சீட்டு விஷயம் போன வாரமே முடிந்துவிட்டது. காந்திமதிக்குப் பின்னால் உட்கார்ந்தால் குமட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், குற்றாலம் போகிறதுக்குள் தலையை வெளியே நீட்டிவிடுவாளாம். இந்தக் கரையில் பாதை வளைந்து வளைந்து போகும். அதனால், "நீ முன்னாடி என் பக்கத்துல உக்காந்துக்கிடு, வசு ஒண்ணும் சொல்லமாட்டா" என்று முடித்துவிட்டார். வசு ஒன்றும் சொல்லமாட்டாள். நியாயம்தானே, வாந்தி எடுக்கிறவளைப் பின்னால் உட்கார்த்தி வைக்கவா முடியும். நான் பின்னால் நடுவில், ஒரு பக்கம் மீனாட்சிசுந்தரத்தின் நீள முழங்கால், இன்னொரு பக்கம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தர்ஷினி. முன்னால் இரண்டு தலை. இரண்டுக்கும் நடுவில் ரோடு, ரோட்டுக்கப்பால் கடல். அவள் ஏதோ சொல்வாள், ஜன்னல் காற்றில் எனக்குப் பாதிதான் கேட்கும், அவர் சிரிப்பார், என்னவென்று கேட்டால் அவர் பொதுத் தமிழில் சுருக்கிச் சொல்வார், அதில் சிரிப்பு இருக்காது. நான் வேண்டுமானால் எனக்கும் குமட்டுகிறது என்று சொல்லிப் பார்க்கலாம். இத்தனை வருஷம் குமட்டாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்பார். அல்லது வரவில்லை என்று சொல்லிவிடலாம், மாத்ரீதில் படிக்கிற மகனைப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடலாம். போனால் நல்லதாகப் போயிற்று என்று, சே, அப்படி அவர்கள் நினைக்கமாட்டார்கள், நினைக்கிறது நான்தான். பிறகு அந்த இடத்தை யார் காவல் காப்பது.

ரிபாதெசெயா வந்துவிட்டது. லாஸ்த்ரெஸ் வந்துவிட்டது. எங்கள் ஹிஹோனில் இரண்டு நாள், வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், அக்கா கையால் வத்தக்குழம்பு என்கிறாள். நான் அங்கிருந்தே சரி என்று குரல் கொடுத்தேன், என் குரல் எவ்வளவு இனிப்பாக வருகிறது. பிறகு குதியெரோ. மலைச்சரிவில் கலர் கலராக வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், கீழே படகுத்துறை, போட்டோ எடுக்கலாம் என்கிறார். நான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டேன். மீன் கையிலேயே இருக்கிறது. இனிமேல்தான். குதியெரோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தைலமரத் தோப்பு வரும். அன்றைக்கு அவர் அங்கேதான் தப்பாகத் திருப்பினார். வாசனை ஊட்டி மாதிரி இருக்கிறதே என்று நான் கண்ணாடியை இறக்கினேன், அந்த வாசனைக்காகவே அவர் தொடர்ந்து ஓட்டினார், பாதை மாட்டுக் கொட்டகையில் போய் முடிந்துவிட்டது. இறங்கி வேலியைத் தாண்டினோம். ஒரு பசு எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. கீழே கடல், கையகலக் கரை, கறுப்புக் கூழாங்கல். அலை உள்ளே வாங்கும்போது அத்தனை கல்லும் உருண்டு கலகலவென்று சத்தம் போடும். யாருமில்லை. மழை பிடித்துக்கொண்டது. பாறைக்கடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம், அவர் தன் சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டார், பனியனோடு நடுங்கினார். இந்த நாட்டில் எங்களுக்கு அப்போது யாரையும் தெரியாது, பாஷை தெரியாது, நான் தினமும் ஊருக்குப் போகவேண்டும் என்று அழுதுகொண்டிருந்த காலம். அங்கே அழவில்லை. கிளம்பும்போது அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை, அவர்தான், "இந்த இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் வசு. இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்." பிறகு நாங்கள் அங்கே போகவே இல்லை. வேலை, பிள்ளை, பள்ளிக்கூடம். போகவில்லை என்பதில் எனக்குக் குறையில்லை, அது அங்கே இருக்கிறது என்பது போதும். காந்திமதிக்குப் பாபநாசம் இருந்தால் எனக்கு அது இருக்கிறது. அந்த ஆற்றுக்கு எதிராக நான் வைத்திருப்பது அந்தக் கையகலக் கரைதான். அதையும் சொல்லிவிட்டால், ஏட்டி, ஒரு எடம் இருக்கு, யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்துவிட்டால், நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

"குதியெரோ முடிச்சிட்டு நேரே லுவார்கா" என்றார். வெள்ளை வீடுகள், மேட்டில் கடலைப் பார்த்தபடி கல்லறைத் தோட்டம். அங்கிருந்து ரிபாதேயோ, அங்கே கல்லெல்லாம் கோயில் வளைவு மாதிரி நிற்கும், அலை வற்றுகிற நேரத்தில்தான் போகமுடியும். அவர் போய்க்கொண்டே இருக்கிறார், நான் அங்கேயே நிற்கிறேன். தாண்டிவிட்டார். சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறது, மீன் கையால் துடைக்கவும் முடியாது. என் மனுஷன். ஏட்டி கீட்டி என்று என்ன வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், முன்சீட்டில் உட்காரட்டும், செருப்பில் ஒன்றல்ல இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். சந்தோஷத்தில் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். காந்திமதிமேல்கூட ஒரு பிரியம் வந்தது, பாவம், அவளுக்கு நன்றாக வத்தக்குழம்பு வைத்துக் கொடுக்கவேண்டும், மணத்தக்காளி வற்றல் கொண்டுவரச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். லேப்டாப் கூடத்தில் அப்படியே இருந்தது. விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் சந்தோஷம் சும்மா இருக்கவிடாது, அதை அவர் வாயால் ஒரு தடவை கேட்கவேண்டும் என்று ஆசை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குதியெரோவுக்கும் லுவார்காவுக்கும் நடுவுல ஒண்ணும் சொல்லலையே நீங்க" என்றேன்.

"நடுவுல என்ன இருக்கு? நேரா ஹைவேதானே" என்றார், தம்ளரைக் கழுவிக்கொண்டே.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். தைலமரத் தோப்பு என்றேன். மழை என்றேன். அவர் ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்தார், பிறகு முகம் மலர்ந்து, "ஆமா ஆமா, அதுவா" என்று சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். காலையிலிருந்து அடுக்களைக்கு வந்துகொண்டிருந்த அதே சிரிப்பு, விழுந்து விழுந்து சிரித்த அதே சிரிப்பு. எது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். "அதான், அந்தப் பாலம் இருக்குமே" என்றார். அங்கே பாலம் கிடையாது. ஆமாம் என்றேன். வாசலில் மணி அடித்தது, கீழ் வீட்டுக்காரர் காரை நகர்த்தச் சொல்லி வந்திருந்தார், இவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கூடத்துக்குப் போனேன். எதற்கென்று தெரியவில்லை, கால் போயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன், சூடாக இருந்தது. திரையில் காந்திமதி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள், காதோரம் நரைத்திருக்கிறது, நான் இதுவரை கவனித்ததில்லை. அத்தான் எங்கே அக்கா என்றாள். காரை நகர்த்தப் போயிருக்கிறார் என்றேன். அவள் தன் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், மீனாட்சிசுந்தரம் பக்கத்தில் இல்லை போல. பிறகு திரையை ஒட்டி வந்தாள், முகம் பெரிதாகத் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. அத்தானுக்கு இந்தப் பாபநாசத்து விஷயமெல்லாம் நெசமாவே ஞாபகம் இருக்கா? நான் எதைச் சொன்னாலும் ஆமா ஆமாங்குதாவ. போன மாசம் நான் மாத்திச் சொன்னேன், அதுக்கும் ஆமான்னுட்டாவ."

எனக்குக் கை கால் எல்லாம் அமைதியாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு சொல் போதும். இல்லை காந்தி, அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ஆறும் இல்லை, செருப்பும் இல்லை, நீ தனியாகத்தான் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாய். சொன்னால் தீர்ந்தது, முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள், கலீசியா வரைக்கும் கார் அமைதியாகப் போகும். சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோன பார்வை, சற்று முன்னால் தண்ணீர்த் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவரை நான் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

"இருக்கு காந்தி. எல்லாம் இருக்கு. அந்தச் செருப்புக் கதையை என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா" என்றேன்.

அவள் முகம் இளகியது, கண் நிறைந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவு நிம்மதியான ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது, இதற்கு முன்னால் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்னும்படியாக. எனக்கு அப்படி ஒரு பொய்யைச் சொல்ல யார் இருக்கிறார்கள்.